மடைக்கு வாழ்க்கைப்பட்டவள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வயலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, அசையாமல் இரு என்று சொல்லி, அம்மா என்னை அடுக்களைக்கு அடுத்த அறையில் உட்காரவைத்திருந்தாள். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. இதோ கூப்பிடப்போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேச்சு உள்ளே வரவில்லை. வாசலோடு திரும்பி, வீட்டைச் சுற்றி, வரப்பில் ஏறி, மேற்கே போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மாமனாராக வரப்போகிறவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு எங்கள் மடையில் இறங்கி நின்றார். தண்ணீருக்குள் காலை வைத்து அதன் வேகத்தைப் பார்த்தார். குனிந்து கைநிறைய அள்ளிப் பார்த்தார். அப்பா பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார்.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். நின்றபடியே மோர் குடித்தார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கு. தை மாசம் வச்சுக்கிடுவோம்" என்றார் மாமனார்.

எது நல்லா இருக்கு என்று யாரும் கேட்கவில்லை. என் தலையில் இருந்த பூ வாடுவதற்குள் என் கல்யாணம் முடிவாகிவிட்டது.

குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆறாகி, அணைக்கட்டில் தேங்கி, வாய்க்காலாகப் பிரிந்து, தென்காசிச் சுற்றுவட்டாரத்து வயல்களுக்குள் ஒவ்வொரு மடையாகக் கேட்டுக் கேட்டு இறங்குகிறது. எங்கள் அப்பாவின் வயல் மேலே. மாமனாரின் வயல் அதற்குக் கீழே. எங்கள் மடையைத் தாண்டித்தான் அவர்களுக்குத் தண்ணீர். சாரல் நன்றாக விழுகிற வருஷத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சாரல் ஏமாற்றினால் மேல் வயல்காரன் வைத்ததுதான் சட்டம். ஒரு கோடையில் இரண்டு ஊர் ஆட்களும் வரப்பில் மண்வெட்டியோடு நேருக்கு நேராக நின்றார்களாம். அதற்கு மறு வருஷம் என்னைக் கேட்டு வந்தார்கள். நகை பற்றிப் பேச்சில்லை. சீர் பற்றிப் பேச்சில்லை. சம்பந்தி வயலுக்குத் தண்ணீரை அடைக்க எந்த அப்பனுக்கும் கை வராது என்பது மாமனாரின் கணக்கு. அவ்வளவு பெரிய வீட்டுக்கு நம் பெண்ணா என்பது அப்பாவின் சந்தோஷம்.

"என்னை எதுக்கும்மா அங்கன குடுக்கிய?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்குன்னா? பொண்ணுன்னா குடுக்கத்தான செய்யணும்" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்காவது ஒரு காரணம் இருக்கு. நான் உங்கப்பாவுக்கு முறைப்பொண்ணு. பொறந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சு. யாரும் ஒரு வாய்க்காலைக் கூடப் பாக்கல" என்றாள்.

அவள் குரலில் பொறாமை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பேச்சு வர வேண்டிய இடத்தில் அவருக்கு ஒரு தலையசைப்பு வரும். அவர் நல்லவரா என்று எனக்குத் தெரிவதற்கே வருஷம் பிடித்தது. ஆனால் நான் வந்த பிறகு அந்த வயலுக்குத் தண்ணீர் வருவது நிற்கவில்லை என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. "மகராசி காலெடுத்து வச்சா" என்று அத்தை, அதாவது என் மாமியார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாய்க்கால் ஓரம் துணி துவைக்கும்போது, தண்ணீர் என்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். நீயும் அங்கிருந்துதான் வருகிறாய், நானும் அங்கிருந்துதான் வந்தேன். உனக்கு ஒரு வேலை இருக்கிறது. எனக்கும் அதே வேலைதான்.

பிறகு அம்மா போனாள், அவளுக்குப் பின்னால் அப்பாவும் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த ஆடியில் சாரல் ஏமாற்றிவிட்டது. மலையின் மேல் மேகம் வந்து நிற்கும், பார்க்கும், கேரளத்துப் பக்கமே திரும்பிவிடும். அருவி நூலாகிவிட்டது. வயல் கைக்கு வந்த என் அண்ணன் மடையை அடைத்துவிட்டான்.

ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "அப்பா குடுத்த வாக்கு அப்பாவோட போச்சு. என் பயிரு மொதல்ல" என்று பதில் வந்தது.

எங்கள் நாற்று மஞ்சளித்தது. மாமனார் ஒரு காலையில் வாசலில் நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏலே, வண்டியப் பூட்டு. அவளைக் கொண்டு அவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு வா. மடை தொறந்தாக் கூட்டிக்கிடலாம். தொறக்கலேன்னா அவன் தங்கச்சிய அவனே வச்சுக்கிடட்டும்."

"கைப்பிள்ளையோட அவளை எங்க அனுப்புதிய?" என்றாள் அத்தை. "இந்தக் கார் நெல்லு போனா அடுத்தாப்ல பிசான நெல்லு வருது."

"நீ சும்மா கெட. எதுக்குக் கட்டிக் கொண்டாந்தமோ அது இல்லேன்னா பெறகு என்ன?"

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். என்னை ஒரு வார்த்தை வைதவரில்லை. அந்த வார்த்தையையும் கோபத்தில் சொல்லவில்லை. மரக்கால் உடைந்தால் நெல் அளக்க முடியாது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. இப்படித் தண்ணீருக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஒருத்தி மறு சாரலுக்குத் திரும்பி வந்தாள். இன்னொருத்தி வரவேயில்லை, அதற்குள் அவள் புருஷனுக்கு வேறு பெண் பேசிவிட்டார்கள்.

என் துணிகளை மூட்டையாகக் கட்டினேன். மகளுக்கு அப்போது நடை பழகி, பேச்சு வந்துகொண்டிருந்த பருவம். அவளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வண்டியை ஓட்டினார். வழியெல்லாம் மாட்டோடுகூடப் பேசவில்லை. வண்டிக்குள் என் மூட்டையைத் தவிர இன்னொரு மூட்டையும் இருந்தது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வற்றிப்போன வாய்க்கால் கூடவே வந்தது. அதன் அடியில் பச்சைப் பாசி வெயிலில் வறண்டு சுருண்டிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி: இவர் என்னை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவையாவது பின்னால் பார்ப்பாரா?

அண்ணன் வாசலில் நின்றான். மூட்டையைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் இறுகிவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே.

"வாங்க மாப்ளே" என்றான்.

மதினி கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்படியே திரும்பிப் போய்த் தேங்காய் உடைத்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்தால் சொதி வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது. பிறகும் அவர் எப்போது மாமியார் வீட்டு வாசலை மிதித்தாலும் அதுதான். தேங்காயைத் துருவி, ஆட்டி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிய வேண்டும். காய்களை மூன்றாம் பாலில் வேகவைத்து, இரண்டாம் பாலை விட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றிப் பொங்கவிடாமல் இறக்க வேண்டும். கண் எடுக்கக்கூடாது. எடுத்தால் திரிந்துவிடும். அதற்கு இஞ்சிப் பச்சடி வேறு.

அவர் சாப்பிட்டார். கை கழுவினார். நான் கதவருகே நின்றேன். இனி எழுந்து வண்டியைப் பூட்டப் போகிறார். அவர் பட்டாசலில், அந்த முன்கூடத்திலேயே, துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்தது. போங்கள் என்று மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாட்டுக்கு வைக்கோல் போடச் சொல்லட்டா, மாப்ளே? வழியில பசிக்கும்லா" என்றான்.

"அவுத்துக் கட்டச் சொல்லுங்க மச்சான்" என்றார் இவர்.

அவ்வளவுதான். வண்டிக்குள்ளிருந்து அந்த இரண்டாவது மூட்டையை எடுத்துவந்தார். பிரித்தார். அவருடைய வேட்டிகள்.

மறுநாள் இட்லி. மத்தியானம் சொதி. அதற்கு மறுநாளும் அப்படியே. காலையில் எழுந்து வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரில் குளித்துவிட்டு வருவார். திருநீறு பூசிக்கொண்டு உட்காருவார். இலை போடுவார்கள். சாப்பிடுவார். தண்ணீர் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானாலும் செம்பைக் காட்டுவார். கேட்டால் அண்ணன் முடியாது என்று சொல்லலாம். கேட்காதவரிடம் எதைச் சொல்வது?

ஊருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி வேலிப் பக்கம் வந்து நின்று, "ஆடிக்குப் பொண்ணைத்தான் கூட்டிட்டு வருவாவ. உங்க வீட்டுல மாப்பிள்ளையும் சேந்துல்லா வந்திருக்காவ" என்றாள்.

மதினி என்னிடம் திரும்பினாள். "அவுக வீட்டுல அடுப்பு எரியலையாக்கும்?"

"எனக்கு என்ன தெரியும் மதினி."

"தெரியாதாம். தேங்கா தீந்து போச்சு. பாவூர்சத்திரத்துக்கு ஆள் விட்டிருக்கேன். அதாவது தெரியுமா?"

நான் துருவலியை வாங்கப் போனால் தரமாட்டாள். மாப்பிள்ளைக்கான தேங்காயை அவர் பெண்டாட்டி துருவக்கூடாதாம். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தச் சாஸ்திரம் அவள் கோபத்தில் இருந்தது. துருவித் துருவி அவள் வலது கை வீங்கிவிட்டது.

எனக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயிர் காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு வீடும் முறுக்கிக்கொண்டிருந்தது, எனக்கோ சந்தோஷமாக இருந்தது. விட்டுவிட்டு வா என்றார்கள். இவர் விடவில்லை. மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்கிறான் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும் என்று இருக்கிறார். யாருக்காக? பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பேன். அது பளபளவென்று ஆகிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் மதினி அண்ணன் இலையில் பழைய சோற்றையும் ஒரு மிளகாயையும் வைத்தாள். பக்கத்து இலையில் மாப்பிள்ளைக்குச் சொதி ஆவி பறந்தது.

"என்னட்டி இது?" என்றான் அண்ணன்.

"உங்களுக்கு உங்க மடைதான் பெருசுன்னா நாளையிலேருந்து தேங்காய நீங்க துருவுங்க."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மறுநாள் விடிந்ததும் அண்ணன் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் போவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. அடைப்பு உடைந்து தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு விழுந்து ஓடுகிற சத்தம். இவர் அன்றைக்கு மத்தியானச் சோற்றையும் இருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான், "வண்டியப் பூட்டலாம்" என்றார்.

திரும்பும்போது வாய்க்கால் எங்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தது. நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்த முதுகு எனக்காக அங்கே உட்கார்ந்திருந்த முதுகு.

ஊருக்குள் நுழைந்ததும் மாமனார் தெருவில் நின்று கைகொட்டிச் சிரித்தார். சுற்றிலும் ஆட்கள்.

"பாத்தியளாலே? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல. தின்னே தொறந்துட்டான் மடைய. நான் சொல்லி விட்டதுல்லா? அவளோட நீயும் இரு, உக்காந்து தின்னு, தானா தொறப்பான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவரும் லேசாகச் சிரித்தார். ஆமாம் என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.

வண்டியிலிருந்து இறங்கினேன். எனக்குள் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த அந்தக் கேள்வி பாத்திரம்போலக் கீழே விழுந்து நசுங்கியது.

அன்றையிலிருந்து அவருக்கு ஊரில் 'சொதி மாப்பிள்ளை' என்று பேர். அச்சன்புதூர் வரைக்கும் அந்தக் கதை போயிற்று. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால், "அண்ணாச்சிக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்து, எந்த மடையத் தொறக்கணுமோ" என்பார்கள். அவர் சிரிப்பார். நான் அந்தப் பக்கமே பார்க்கமாட்டேன். அதற்குப் பிறகு என் வீட்டில் நான் சொதி வைத்ததில்லை. நாளும் கிழமையும் வந்தால் அவியல் வைப்பேன், பச்சடி வைப்பேன், உளுந்தங்களி கிண்டுவேன். ஏன் சொதி இல்லை என்று அவர் கேட்டதில்லை. இரண்டாவது மூட்டையைக் கட்டச் சொன்னது யார் என்று நானும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. மாமனார் சொல்லித்தான் இவர் அங்கே இருந்தார் என்றால், என்னை வைத்திருப்பதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் கூடவந்து உட்கார்ந்ததற்கும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். அது நான் இல்லை. பதில் இல்லாமல் இருப்பதில் ஒரு சின்ன இடம் இருந்தது. அதில் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

காலம் அதற்குள் என்னென்னவோ செய்தது. சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பந்தலுக்குப் பந்தல் மேளம் கொட்டிய ஒரு வருஷம் இருந்தது. அந்தப் பெண்களுக்குக் கல்யாணத்தின் காரணம் சட்டம். என் நாத்தனாரை எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ஒருவருக்குக் கொடுத்தோம். அவருக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. "மாசம் பொறந்தா சம்பளம். சாரல் விழுந்தாலும் வரும், விழாட்டாலும் வரும்" என்றார் மாமனார். மடையில் காலை வைத்துப் பார்த்த அதே மனிதர். அவர் குரலில் ஒரு வியப்பு இருந்தது, இப்படியும் ஒரு வாய்க்கால் உண்டா என்பதுபோல. பிறகு யுத்தம். பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு, திரும்பி வர ஒரு காரணம் இருக்கட்டும் என்று அவசரமாகக் கட்டிவைத்தார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தி. அவன் திரும்பி வந்தான். இப்போது தினமும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். தெருவே கேட்கிறது. காரணம் முடிந்துபோன பிறகும் கல்யாணம் நிற்கிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம். பந்தலைத் தாங்கிய மூங்கிலைப் பிடுங்கிய பிறகும் பந்தல் நின்றால் எப்படி?

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். அன்று மடியில் இருந்தவள். தென்காசியில் எட்டாவது வரை படித்தவள். பையன் வீடு செங்கோட்டை. பையனுக்குப் புனலூரில் கணக்கு வேலை, தனியாக ஒரு அறை, சாப்பாடு ஓட்டலில். ஆனிச் சாரல் ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்ப்பது வேண்டாம், குற்றாலத்தில் பார்த்துக்கொள்வோம் என்று பேச்சு. அது எங்கள் பக்கத்து வசதி. இரண்டு குடும்பமும் குளிக்க வந்ததுபோல வரும், பார்த்ததுபோலப் பார்த்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் யாருக்கும் குறையில்லை. குளித்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

போவதற்கு முந்தைய நாள் மகள் என்னிடம் வந்தாள். "அம்மா, நான் அவுகள ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்."

"என்னத்த?"

"எதுக்கு என்னைக் கட்டிக்கிடணும்னு."

"எல்லாரும் எதுக்குக் கட்டிக்கிடுதாவளோ அதுக்குத்தான்."

"நீங்க எதுக்குக் கட்டிக்கிட்டிய?"

சொதி மாப்பிள்ளைக் கதையை அவளும் கேட்டு வளர்ந்தவள்தான். அதில் சிரித்தும் இருக்கிறாள். "போயி வேலையப் பாரு" என்று சொன்னேன். ஆனால் கேட்காதே என்று சொல்லவில்லை.

அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் வழியும் தலைகளோடு பெண்கள் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. குளித்து, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு, கோயிலுக்கு வெளியே மரத்தடிக்கு வந்தோம். நானும் மகளும், என் வீட்டுக்காரர், நாத்தனார். அந்தப் பக்கம் பையன், அவன் அம்மா, ஒரு தாய்மாமன். பையனின் அம்மா வாழைப்பழம் எடுத்து நீட்டி, "மோளே, இங்கே வா" என்று செங்கோட்டைக்காரர்களின் மலையாள வாடையோடு கூப்பிட்டாள். மகள் வாங்குவதற்குள் ஒரு குரங்கு வாங்கிக்கொண்டது. எல்லோரும் சிரித்ததில் கொஞ்சம் இறுக்கம் போயிற்று. அந்தச் சமயம் பார்த்து மகள் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? எதுக்கு என்னைக் கட்டிக்கிடணும்னு வந்திருக்கிய?"

நாத்தனார் என் தொடையைக் கிள்ளினாள். தாய்மாமன் வேறு பக்கம் பார்த்தார். அருவியின் இரைச்சல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. பையன் தன் காலைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"புனலூர்ல ஓட்டல்ல சாப்பிடுதேன். தனியாச் சாப்பிடப் பிடிக்கல."

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சமையலுக்கு ஆள் வேணும்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு. ஏலே, நல்லதா ஒண்ணு சொல்லக்கூடாதா?"

"சமையல் எனக்கே தெரியும்மா. எதிர்ல உக்காந்து பேச ஆள் இல்லேன்னு சொல்லுதேன்."

மகள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "சரி" என்றாள். எதற்குச் சரி என்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா, வேறா என்று தெரியவில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில். பழம் பறிபோன நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் நான் வாயைப் பூட்டிக்கொண்டு சுமந்ததை இவள் ஈரத்தலையோடு நின்று கேட்டுவிட்டாள்.

மகளும் நாத்தனாரும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். ஈரத்துணி, பாத்திரம், எண்ணெய்க் கிண்ணம், ஒரு கூடை மங்குஸ்தான் எல்லாவற்றோடும் நாங்கள் இருவரும் வண்டியில் வந்தோம். சாரல் முகத்தில் பொடிப்பொடியாக விழுந்தது. வாய்க்கால் ஓரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவர் வண்டியை நிறுத்தினார். அண்ணன் மடைக்கு அது பக்கம்தான்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றேன்.

"உம் மக கேட்டது போதாதா?"

"அன்னைக்கு வண்டியில இன்னொரு மூட்டை இருந்துச்சே. அதக் கட்டுனது யாரு?"

எந்த மூட்டை என்று அவர் கேட்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நான்தான். தொழுவத்துல வச்சுக் கட்டுனேன்."

"மாமா சொன்னாரா?"

"அப்பா உன்னை விட்டுட்டு வரத்தான் சொன்னாரு. நீயுந்தான கேட்ட."

"பெறகு மடைய நெனச்சு வந்தியளோ?"

"மடைய நெனச்சிருந்தா மம்மட்டியில்லா கொண்டாந்திருப்பேன். எதுக்கு வேட்டிய மூட்டை கட்டிட்டு வாரேன்?"

மாடு தலையைத் தூக்கி மூச்சு விட்டது. நான் அடுத்ததைக் கேட்டேன். அதுதான் உள்ளே கிடந்த முள்.

"மாமா தெருவுல நின்னு அப்படிச் சொன்னாரே. நீங்களும் தலைய ஆட்டுனியளே."

"அவரு சொல்லி நான் கேக்கலேன்னு ஊருக்குத் தெரிஞ்சா அவருக்கு என்ன மரியாதை?" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "பொண்டாட்டிய விட்டுட்டு வர மனசில்லாம இருந்துட்டான்னு சொல்லுததுக்கு, தின்னு தொறந்தான்னே சொல்லட்டும்னு விட்டுட்டேன். அது எனக்கும் லேசா இருந்துச்சு. அந்தக் காலத்துல வேற எப்படிச் சொல்ல?" என்றார்.

வேறு எப்படிச் சொல்வது? எங்கள் காலத்தில் மனசுக்கு மேலே உடுத்த ஒரு காரணம் தேவைப்பட்டது. தண்ணீர், முறை, வயல், இவையெல்லாம் வெளியே உடுத்திப் போகிற வேட்டிகள். உள்ளே என்ன இருந்தது என்று கட்டியவனுக்கே முழுதும் தெரியாது. மகள் காலத்தில் அந்த உள்ளே இருப்பதையே வாசலில் நின்று சொல்லிவிடுகிறார்கள். அது நல்லதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பையன் நாளைக்கு எதிரில் ஆள் இருந்தும் பேசாமல் சாப்பிடலாம். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு என்ன மதிப்பு? ஆனால் அவளுக்கு ஒரு பதில் இருக்கும். கோபம் வந்தால் எடுத்துக் காட்டிச் சண்டை போட ஒரு பதில். எனக்கு அதுகூட இல்லாமல் இருந்தது, அந்த வாய்க்கால் கரை வரைக்கும்.

"அண்ணன் தொறக்காமலே இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இருந்திருப்பேன்."

"எத்தனை நாளைக்கு?"

"உங்க மதினி போடுத வரைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நுகத்தடியைச் சரிசெய்தார். ஏறி உட்கார்ந்து கயிற்றை எடுத்தவர், ஓட்டாமல் அப்படியே இருந்தார்.

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ரொம்ப வருசமா."

"கேளுங்க."

"நீ ஏன் சொதி வைக்கதே இல்ல?"

நான் மங்குஸ்தான் கூடையை மடியோடு இழுத்துக்கொண்டேன். அவர் பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அன்று பார்ப்பாரா என்று நான் ஏங்கிய அந்தப் பார்வை இத்தனை வருஷம் கழித்து, சாரலில் நனைந்துகொண்டே வந்தது. பிறகு மாட்டைத் தட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை விசேஷம் ஒன்றுமில்லை. தேங்காய் உடைத்தேன். துருவினேன். ஆட்டி, பிழிந்து, மூன்று பாலையும் மூன்று பாத்திரத்தில் வைத்தேன். கை மறந்துபோயிருந்தது. முதல் பால் ஊற்றியதும் அடுப்பை விட்டு நகராமல் நின்றேன். மத்தியானம் இலை போட்டு, சோறு வைத்து, ஊற்றினேன். அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"இஞ்சிப் பச்சடி?" என்றார்.

எடுத்து வைத்தேன். எனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.